மூன்றாம் ஓலை

அந்தப் பாறை நுனியில் நின்றால் எதிர்ச் சரிவில் என் மகள் வீடு தெரியும் என்று எனக்கு முதலில் சொன்னவள் பிலோமினா. இந்த வருஷம் ஈஸ்டர் முடிந்த திங்கட்கிழமை, காலை பத்து மணி இருக்கும். கோவிலில் பீடத்து வாடிய பூக்களை நாங்கள் இரண்டு பேரும் அள்ளிக்கொண்டிருந்தோம். அவள் வீட்டுக்காரர் தேயிலைத் தொழிற்சாலையில் இலை லாரி ஓட்டுகிறவர், அந்தப் பக்கத்து எஸ்டேட்டுக்கெல்லாம் போவார் வருவார். நீலத் தகரக் கூரை, பக்கத்தில் கறுப்புத் தண்ணீர் டேங்க், லைன் வீட்டு வரிசையில் மூன்றாவது வீடு, செசிலிக்கா, என்று எனக்கு அடையாளம் சொன்னாள். அன்றைக்கு இன்னொன்றும் சொன்னாள். அதை மேலே போய்ச் சொல்கிறேன். இப்போதே சொன்னால் எனக்குக் கால் நடக்காது.

மெதுவாக வாங்க கண்ணு. ஒன்றரைக் கிலோமீட்டர்தான். கேட்டில் டிக்கெட் கொடுக்கிறவர் முக்கால் மணி என்பார், எனக்கு ஒரு மணி ஆகும். முன்பின் தெரியாத கிழவி, கூட வரட்டுமா என்று கேட்டதும் சரி என்றீர்களே, மாதா உங்களுக்குத் துணை இருப்பாள். அட்டை ஏறினால் பதற வேண்டாம். முந்தானையில் உப்பு முடிந்து வைத்திருக்கிறேன்.

இந்தப் போர்டைப் பாருங்கள். காட்டுப்பூவரசு. மேலே தமிழில் பெயர், கீழே இங்கிலீஷில் ஒன்று. அது எனக்குப் படிக்க வராது, நான் எட்டாவதோடு நின்றவள். இது என் மகள் கையெழுத்து. இது மட்டுமில்லை, பாறை வரைக்கும் நாற்பத்தொரு போர்டு, எல்லாம் அவள் எழுதியது. ஜெசிந்தா. காட்டிலாகா நாற்றங்காலில் ஏழு வருஷம் வேலை பார்த்தாள். முன்பு இந்தப் பக்கம் பாதிக்குமேல் வெள்ளைக்காரன் கொண்டுவந்து வைத்த சீகை மரமும் கற்பூர மரமும்தான். அதையெல்லாம் எடுத்துவிட்டு, ஆதியில் இந்த மலையில் என்ன இருந்ததோ அதையே திரும்ப வைத்தார்கள். விதை பொறுக்குவது அவள், பையில் போட்டு முளைக்க வைப்பது அவள், பெயர் எழுதுவதும் அவள். பெரிய மரங்கள் பழைய சோலை. இடுப்பு உயரம், தலை உயரம் நிற்கிறதே, அதெல்லாம் அவள் வைத்தது.

நான் இந்த மரங்களில்தான் ஜெபமாலை சொல்கிறேன். ஒரு போர்டுக்கு மாதாவை நோக்கி ஓர் அருள்நிறை மந்திரம். ஒரு மாலைக்கு ஐம்பத்துமூன்று வேண்டும், நாற்பத்தொன்று இங்கே ஆகிவிடும், மீதிப் பன்னிரண்டைப் பாறையில் நின்று சொல்வேன். இன்றைக்கு உங்களோடு பேசிக்கொண்டு வருகிறேன். மாதா கோபித்துக்கொள்ள மாட்டாள். அவளும் பிள்ளையைத் தொலைத்துவிட்டு மூன்று நாள் தேடினவள்.

எனக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவன் பெனடிக்ட் திருப்பூரில் இருக்கிறான், அடுத்தவன் சார்லஸ் ஓசூரில். இரண்டு பேரும் குடும்பஸ்தர்கள். கிறிஸ்துமஸுக்கு வருவார்கள், கேக் சாப்பிடுவார்கள், குளிருகிறது என்று சொல்லிப் போய்விடுவார்கள். குறை சொல்லவில்லை. கடைசி ஜெசி. அவர்கள் அப்பா தவறி எட்டு வருஷம் ஆகிறது. அதற்கப்புறம் ஒரே அறை, எதிரெதிரே இரண்டு கட்டில், நானும் அவளும்தான். ராத்திரி நான் இருமினால் கண்ணைத் திறக்காமலே தண்ணீர்ச் சொம்பை நீட்டுவாள்.

அருள்நேசன் என்று ஒரு பையன் நாற்றங்காலுக்கு எரு லோடு கொண்டுவருவான். எதிர் எஸ்டேட்டில் இருக்கிறவர்கள். தாத்தா காலத்தில் இலங்கைக்குப் போய்த் திரும்பி வந்த குடும்பம். எங்களைப் போல வேதக்காரர்கள்தான், நல்ல பையன்தான், சத்தமாகக்கூடப் பேச மாட்டான். அவளாகவே வந்து என்னிடம் சொன்னாள். நான் மறுத்தேனா? மறுக்கவே இல்லை. அவன் அம்மா வந்து பூ வைத்துப் போனார்கள், நான் காப்பி போட்டுக் கொடுத்தேன். இதை யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம்.

வேரில் பார்த்துக் கால் வையுங்கள், வழுக்கும்.

உங்களுக்கு எங்கள் வழக்கம் தெரிந்திருக்காது. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு கோவிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது, இதற்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் அறிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று. கடமை என்றுதான் வாசிப்பார்கள். அந்த வார்த்தையைக் கவனியுங்கள். போன வருஷம் தை மாதம் எங்கள் வீட்டு ஓலை. முதல் ஓலைக்குப் புதுச்சேலை கட்டிக்கொண்டு போனேன். செசிலி அவர்களின் மகள் ஜெசிந்தா என்று சாமி வாசித்தபோது எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள், எனக்குக் கூச்சமாக இருந்தது. இரண்டாம் ஓலையும் வாசித்தாயிற்று. அன்று சாயங்காலம் அவள் பெட்டி அடுக்கினாள். துணியெல்லாம் எடுத்துக் கட்டிலில் பரப்பி, இது வேண்டும், இது வேண்டாம் என்று பிரித்துக்கொண்டிருந்தாள். நான் என் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்போதுதான் எனக்கு நேர்ச்சை ஞாபகம் வந்தது.

அவள் ஏழு மாதத்தில் பிறந்த பிள்ளை, கண்ணு. அணில் குஞ்சு மாதிரி இருந்தாள். பஞ்சில் சுற்றி வைத்திருந்தார்கள். நர்ஸம்மா என் முகத்தைப் பார்க்காமலே பேசினார்கள். நான் மாதா படத்துக்கு முன்னால் போய் நின்று, இவளுக்கு உயிரைக் கொடு தாயே, இவளை உன் மகனுக்கே கொடுத்துவிடுகிறேன், கன்னியாஸ்திரி மடத்தில் விட்டுவிடுகிறேன் என்று நேர்ந்துகொண்டேன். பிழைத்துக்கொண்டாள். அப்புறம் அவள் வளர்வதைப் பார்ப்பதா, இதை நினைப்பதா? இருபத்தைந்து வருஷம் என் நினைப்பில் அது வரவே இல்லை. அவள் பெட்டி அடுக்கும்போது வந்தது. கடவுள்தான் ஞாபகப்படுத்தினார். வேறு யார்?

எங்கள் மடம் வீட்டுக்கு மேலேதான் இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் தெரியும். அங்கே சேர்ந்தால் அவள் கடவுளுக்கும் ஆச்சு, தினம் காலைப் பூசையில் நானும் பார்த்துக்கொள்ளலாம். சிஸ்டர்களை வடநாட்டுக்கு மாற்றிவிடுவார்கள் என்று பிலோமினா சொன்னாள். மதரிடம் நான் ஒரு வார்த்தை சொல்லியிருப்பேன்.

ஒரு வாரம் தூங்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் சாமியிடம் போனேன். முழுக்கக் கேட்டுவிட்டு, ஏம்மா இத்தனை வருஷம் சொல்லலை என்றார். ஓலை இப்பத்தானே சாமி வாசிக்கிறீங்க என்றேன். தாய் செய்த நேர்ச்சை மகளைக் கட்டாது, இது தடையே இல்லை என்றார். ஆனாலும் பிள்ளையின் காதில் போடாமல் இருப்பது சரியில்லை, நாளைக்கு ஓலையை நிறுத்தி வைக்கிறேன், அவளிடம் பேசிவிட்டு அடுத்த ஞாயிறு வாசிக்கலாம் என்றார். நான் நிறுத்தச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னேன். அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் ஓலை கேட்க அவர்கள் சொந்தமெல்லாம் இரண்டு ஜீப்பில் வந்திருந்தார்கள். பூசை முடிந்து சாமி அறிவிப்பு வாசித்தார். இறந்தவர்களுக்கான பூசை வாசித்தார், ஞாயிறு வகுப்பு வாசித்தார், கோவிலில் யாரோ விட்டுப்போன குடை வரைக்கும் வாசித்தார். ஓலை வாசிக்கவில்லை. தாளை மடித்து வைத்துவிட்டார்.

நின்ற ஓலை என்றால் எங்கள் ஊரில் என்ன அர்த்தம் தெரியுமா? முற்றத்துக்கு வருவதற்குள் ஆளாளுக்கு ஒன்று சொல்லியாயிற்று. பெண்ணுக்கு வலிப்பாம் என்று ஒருத்தி, ஏற்கெனவே ரிஜிஸ்டர் கல்யாணம் ஆனதாம் என்று ஒருத்தி. அந்தப் பையனின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, என்னங்க சம்பந்தியம்மா ஆச்சு என்று கேட்டார்கள். கடவுள் சித்தம் என்றேன். ஜெசி பக்கத்தில் நின்றாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது பாவம். காதோரம் பூ வைத்திருந்தாள்.

சாமி அன்று மத்தியானம் கூப்பிட்டு அவளிடம் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்தாள். சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். போடவில்லை.

"நேந்துக்கிட்டது நீ. காணிக்கை நானாம்மா?"

அது ஒன்றுதான் கேட்டாள். கோபத்தில் இருக்கிற பிள்ளையிடம் வாயைக் கொடுக்கக் கூடாது பாருங்கள். ஜெபமாலையை எடுத்துக்கொண்டேன். அவள் நான் முடிப்பேன் முடிப்பேன் என்று எதிரில் உட்கார்ந்திருந்தாள். ஐந்து காரணிக்கமும், மாலை முழுக்க, முடித்து நான் நிமிர்ந்தபோது முகம் கழுவப் போய்விட்டாள்.

வியாழக்கிழமை எதிர் எஸ்டேட்டுக்கே கிளம்பினாள். அடுக்கி வைத்த பெட்டியை எடுத்துப் போகவில்லை. ஒரு பை, அதில் நாலு துணி, அவள் அப்பாவின் பழைய வேட்டி ஒன்று. துவைத்துத் துவைத்து நைந்துபோன வேட்டி. அதைப் போய் எதற்கு எடுத்தாள் என்று அன்று எனக்கு வருத்தமாகக்கூட இருந்தது.

இதோ, இங்கேதான் நாற்றங்கால் இருந்தது. இப்போது மேலே மாற்றிவிட்டார்கள். ஒரு தடவை நான் சோறு கொண்டுவந்தபோது, பையில் இருந்த விக்கி என்கிற மரத்தின் நாற்றைப் பிதுக்கி எடுத்துக் காட்டினாள். வேர் வெளியே போக வழியில்லாமல் பைக்குள்ளேயே சுருண்டு சுருண்டு கிடந்தது. இன்னும் வெச்சிருந்தா செத்துரும்மா, இந்த மழைக்கே நட்டுடணும் என்றாள். நாலு இலைதானே விட்டிருக்கிறது, என்ன அவசரம், குளிரில் வாடிவிடாதா என்றேன். சிரித்தாள். அந்த விக்கிதான் இது. போர்டைத் தொட்டுப் பாருங்கள், பெயின்ட் தடிப்பாக இருக்கும். கண்ணில் புரை விழுந்ததிலிருந்து தடவித்தான் படிக்கிறேன்.

என்ன பறவை? எங்கே? சரி, நீங்கள் பாருங்கள், நான் நிற்கிறேன். மூச்சு வாங்கவும் ஆச்சு.

பார்த்தாயிற்றா? நல்லது.

கல்யாணத்துக்கு அழைக்க அந்தப் பையனே வந்தான். வாசலுக்கு வெளியிலேயே நின்றான். நான் உள்ளே வாருங்கள் என்று சொல்லத்தான் நினைத்தேன். நீங்க வந்தாத்தான் அவ முகம் தெளியும் அம்மா, வாங்க என்றான். பத்திரிகையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். கடவுளிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். உண்மையாகவே கேட்டேன். ஒன்பது நாள் நவநாள் செய்து கேட்டேன். கல்யாணத் தேதி வரைக்கும் ஒரு பதிலும் வரவில்லை. பதில் வராமல் எப்படிப் போவது?

மூன்றாம் ஓலையை அவர்கள் பங்குக் கோவிலில் வாசித்தார்களாம். செசிலியின் மகள் என்றுதான் வாசித்திருப்பார்கள். வேறு எப்படி வாசிக்க முடியும்? என் பெயரைச் சொல்லியிருப்பார்கள். அந்த நேரம் நான் இங்கே எங்கள் கோவிலில் முழங்காலில் இருந்தேன்.

நான் வராதே என்று ஒரு நாளும் சொன்னதில்லை. கதவு திறந்தேதான் இருக்கிறது. அவள் கட்டிலுக்கு வாரம் ஒரு தடவை உறை மாற்றுகிறேன்.

இந்த ஏற்றம் ஒன்றுதான். இதைத் தாண்டினால் பாறை. இதற்குப் பெயர் காட்டு இலவங்கம். ஓர் இலையைக் கசக்கி வைத்துக்கொள்ளுங்கள், தலைச்சுற்றுக்கு நல்லது.

இந்த வருஷம் ஈஸ்டர் காலைப் பூசை. இதைத்தான் மேலே போய்ச் சொல்கிறேன் என்றேன். நன்மை, அதான் ஆண்டவரின் அப்பம், வாங்கிவிட்டு வந்து, முழங்காலில் நின்று, கண்ணை மூடிக்கொண்டேன். நன்மை வாங்கின பிறகு ஐந்து பரலோக மந்திரம், ஐந்து அருள்நிறை மந்திரம் சொல்வது என் வழக்கம். அது முடியும் வரைக்கும் கண்ணைத் திறக்க மாட்டேன். ஆண்டவர் உள்ளே இருக்கிற நேரம் இல்லையா? பூசை முடிந்து எல்லாரும் எழுந்து போகிற சத்தம் கேட்டது. அப்போது பின்னால் யாரோ வந்து நின்றார்கள். என் தோளில் ஒரு கை விழுந்தது.

எனக்குத் தெரியும் கண்ணு. யார் கை என்று தெரியும். ஏழு வருஷம் மண்ணைப் பிசைந்து நாற்று வைத்த கை. உள்ளங்கை சொரசொரவென்று சேலையைப் பிடிக்கும். அம்மா என்றுகூடச் சொல்லவில்லை. சும்மா வைத்துக்கொண்டு நின்றாள்.

மூன்று அருள்நிறை மந்திரம் பாக்கி இருந்தது.

மூன்றே மூன்று. இங்கிருந்து அந்த மரத்துக்குப் போகிற நேரம். அவளுக்காகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் மனம் மாறித் திரும்பி வர வேண்டும் என்று, அந்தக் கருத்துக்காகத்தான் அந்த ஐந்தும். பாதியில் எப்படி விடுவது? முடித்துவிட்டுத் திரும்பலாம், அவள் நிற்பாள் என்று நினைத்தேன். சின்னப் பிள்ளையில் அப்படித்தான், நான் ஜெபம் முடிக்கும் வரைக்கும் என் முந்தானையைத் திருகிக்கொண்டு நிற்பாள். ஒன்று முடித்தேன். கை இருந்தது. இரண்டு முடித்தேன். இருந்தது. மூன்றாவதில் பாதி, இப்பொழுதும் எங்கள் மரண நேரத்திலும் என்கிற இடம் வரும்போது கனம் குறைந்துபோனது. ஆமென் சொல்லிவிட்டுத் திரும்பினேன். யாரும் இல்லை. பெஞ்சில் ஒரு கொத்துக் காட்டுப்பூவரசம்பூ. சிவப்பாக.

வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். ஜீப் கிளம்பிவிட்டது.

மறுநாள் பூ அள்ளும்போதுதான் பிலோமினா அந்த இன்னொன்றைச் சொன்னாள். ஏன் செசிலிக்கா உங்க மவளை நிக்க வெச்சீங்க, வயித்துல ஆறு மாசம், பெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னாளே என்றாள். எனக்குத் தெரியாது. நான் கண்ணை மூடியிருந்தேனே. கை மட்டும்தானே எனக்குத் தெரிந்தது.

ஆறு மாதம். அடுத்தது ஏழு. எங்கள் வம்சத்துக்கு ஏழாம் மாதம் ஆகாது. என் அம்மாவுக்கு ஏழில் ஒன்று பிறந்து போய்விட்டது. எனக்கு இவள். அன்றிலிருந்து விரலை விட்டு எண்ணிக்கொண்டிருக்கிறேன். சரியாகப் போனால் ஜூலையில் பிறந்திருக்க வேண்டும். இன்றைக்கு செப்டம்பர் எட்டு, மாதா பிறந்தநாள். இரண்டு மாதப் பிள்ளை இருக்க வேண்டும். இருக்க வேண்டும்.

விசாரிக்கலாமே என்கிறீர்கள். பிலோமினாவிடம் கேட்டேன். அவளுக்குத் தெரியும், வீட்டுக்காரர் வாரத்துக்கு இரண்டு தடவை அங்கே போகிறார். ஆனால் சொல்ல மாட்டேன் என்றுவிட்டாள். ரெண்டு பஸ்ஸு மாறினா நாப்பது கிலோமீட்டர், நீங்க அந்தப் பாறைக்கு ஏறி இறங்கினதைக் கூட்டினா இந்நேரம் ரோமாபுரிக்கே போய்ப் பாப்பரசரைப் பாத்துட்டு வந்திருக்கலாம், நீங்களே போய்ப் பாருங்க, இனிமே என்கிட்டக் கேக்காதீங்க என்றாள். கேலிக்காரிதான், ஆனால் அன்றைக்குச் சிரிக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் படிக்கிறேன். தெரியும் என்பது தெரிகிறது. நல்லதா கெட்டதா என்பது தெரியவில்லை. சார்லஸுக்குப் போன் போட்டேன். நம்பர் தர்றேன் நீயே பேசும்மா என்றான். பெனடிக்டும் அதையேதான் சொன்னான். எல்லாரும் சேர்ந்து பேசி வைத்துக்கொண்ட மாதிரி.

போகப் பயமாக இருக்கிறது கண்ணு. இதை நான் சாமியிடம்கூடச் சொன்னதில்லை. கடவுள் எனக்குக் கடனுக்குக் கொடுத்த பிள்ளை அவள். நான் போய் அவள் கல்யாணத்தை ஒத்துக்கொண்டு, அந்தக் குழந்தையைக் கையில் வாங்கி நெற்றியில் சிலுவை போட்டுவிட்டால், நேர்ச்சையை நானே முறித்ததாகிவிடும். அப்புறம் அவர், சரி செசிலி, அப்படியானால் என்னுடையதைத் திருப்பிக் கொடு என்று கேட்டுவிட்டால்? எட்டி நின்றால் ஒருவேளை கவனிக்காமல் விட்டுவிடுவார். சாமி சொன்னதெல்லாம் புத்திக்குப் புரிகிறது. ராத்திரி எதிர்க் கட்டிலைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கும்போது புரிவதில்லை.

ஆனால் ஒன்று. அந்த மூன்று மந்திரத்தை இப்போது தினமும் சொல்லிப் பார்க்கிறேன். எவ்வளவு நேரம் ஆகிறது என்று. ரொம்பக் கொஞ்ச நேரம்தான் ஆகிறது. கடவுள் காத்திருந்திருப்பார். அவருக்கு அவசரம் ஒன்றுமில்லை.

வந்துவிட்டோம். கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஸ்தோத்திரம் ஆண்டவரே. ஜூலையிலிருந்து ஒன்பது தடவை வந்தேன், பாதிக்குமேல் ஒரே மேகம். பார்த்துச் சொல்ல ஆள் இருந்தால் மேகம் இருக்கும், மேகம் இல்லாவிட்டால் ஆள் இருக்காது. இரண்டும் வாய்த்த ஒரு தடவை ஒரு ஐயா செல்போனில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, நீலமாக என்னவோ இருக்கிறது என்றார். நீலம் இருப்பது எனக்கே தெரிகிறது. இன்றைக்குத் திறந்திருக்கிறது பாருங்கள். இந்தப் பள்ளத்தைத் தாண்டினால் அவ்வளவுதான் தூரம், காக்காய்க்கு நாலு சிறகடி.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். கேட்டில் உங்கள் கழுத்தில் தொங்குகிற இந்தத் தூரக்கண்ணாடியைப் பார்த்துவிட்டுத்தான் கூட வரட்டுமா என்று கேட்டேன். பறவை பார்க்கக் கொண்டுவந்தது என்று தெரியும். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இல்லை, எனக்கு வேண்டாம். புரை விழுந்த கண்ணுக்கு எதை வைத்தாலும் புகைதான்.

எதிர்ச் சரிவில் வெள்ளையாக ஒரு சின்னக் கோவில் தெரிகிறதா? அதற்குக் கீழே தேயிலை. அதற்குக் கீழே லைன் வீடுகள். கறுப்பு டேங்க். பக்கத்தில் நீலக் கூரை. கிடைத்துவிட்டதா? வாசலில் ஒரு கொடி கட்டியிருக்க வேண்டும், வெயில் வந்தால் அவள் துணி போடாமல் இருக்க மாட்டாள். சேலை, சட்டை என்ன கிடக்கிறது என்று எனக்கு வேண்டாம். அவள் அப்பாவின் வேட்டி மெத்தென்று இருக்கும். கிழித்தால் கைக்குட்டை கைக்குட்டையாக நிறைய வரும்.

அந்தக் கொடியில் சின்னத் துணி ஏதாவது காய்கிறதா, வெள்ளையாக, வரிசையாக? அதை மட்டும் பார்த்துச் சொல்லுங்கள் கண்ணு.